சிவக்காத ரத்தம்

தற்காலிகப் பணிநீக்கக் கடிதத்தோடு மயக்க மருந்து ஊழியன் சிகாவே வந்து நின்றபோது டாக்டர் ந்திம்போ அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். தெற்கு மருத்துவமனைகளின் மயக்க மருந்துப் பிரிவுகளைத் தணிக்கை செய்யும் அந்த அம்மாள் அன்று காலைதான் லிண்டி மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

“நேத்து சோமோயேன்னு ஒரு பொண்ணுக்கு வயித்துக் கட்டி ஆபரேஷன். மயக்கம் கொடுத்தது நான். பாதியில ஆக்சிஜன் அளவு எண்பத்தாறுக்கு இறங்கிடுச்சு, உதடு கருத்துடுச்சு. எப்படியோ ஆபரேஷன் முடிஞ்சு அவ பொழச்சுட்டா. நான் தப்பான சிலிண்டரை மாட்டிட்டேன்னு சர்ஜன் ம்தெப்பா எழுதிட்டார். அவரோட தம்பி பொண்டாட்டிதான் அவ.”

“ஆக்சிஜனைக் கூட்டிப் பாத்தியா?”

“முழுசா திறந்தேன் டாக்டரம்மா. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. ரத்தமும் காப்பிக் கலர்ல இருந்துச்சு.”

ந்திம்போ சிலிண்டரைக் கருவி வைத்துச் சோதித்தார். சுத்தமான ஆக்சிஜன். ஆக்சிஜன் அளவுமானியைத் தன் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு.

வார்டில் சிகாவேயைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சோமோயேயின் ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டார். பக்கத்தில் சிகாவேயின் சொட்டு. அவனுடையது சிவந்து கிடந்தது. அவளுடையது காற்றுப் பட்டும் பழுப்பாகவே இருந்தது. பிறகு அவள் கையைப் பிடித்து, விரலில் இருந்த தீக்கொப்புளத்தை அழுத்தினார். அவள் முகம் சுளிக்கவில்லை.

“எப்ப சுட்டுக்கிட்டே?”

சோமோயே அப்போதுதான் விரலைக் குனிந்து பார்த்தாள்.

“சிலிண்டர் காத்து தப்பா இருந்தா அளவு இறங்கிக்கிட்டே போயிருக்கும், மூச்சுல குறைன்னா ஆக்சிஜனைக் கூட்டினதும் ஏறியிருக்கும்” என்றார் ந்திம்போ. “ரெண்டும் நடக்கல. குறை ரத்தத்துல. சில மாத்திரை ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது. மீட்டரும் எண்பத்தஞ்சு பக்கத்துலயே குழம்பி நிக்கும். உணர்ச்சியில்லாத விரலுக்குக் குடுக்கற டாப்சோன் அதுல ஒண்ணு. எத்தனை போட்டே?”

அவள் விரலை மடக்கிக்கொண்டு சொன்னாள்: “தினம் ஒண்ணுன்னு சொன்னாங்க, நான் ரெண்டு போட்டேன். சீக்கிரம் குணமாயிடும்னு. தொழுநோய்னு தெரிஞ்சா என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க.”

“மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும். வேற மருந்து நானே ஏற்பாடு பண்றேன்” என்றார் ந்திம்போ.

மதியம் ம்தெப்பாவின் அறையில் ந்திம்போ சுருக்கமாகச் சொன்னார்: “சிலிண்டர்ல குறையில்ல. வீட்டுல சாப்பிட்ட மாத்திரையோட விளைவு.”

“என்ன மாத்திரை?”

“அதை நோயாளிதான் சொல்லணும்.”

ம்தெப்பா சிகாவேயின் பக்கம் திரும்பினார். “நீயும் அங்கதானே இருந்தே. உன் பேரைக் காப்பாத்தணும்னா சொல்லு. என்ன மாத்திரை?”

சிகாவேக்கு மாத்திரையின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பன்னிரண்டு வருட வேலை. டாப்சோன் என்று ஒரு சொல் சொன்னாலே போதும்.

“எனக்குத் தெரியாதுங்க.”

ம்தெப்பா கடிதத்தைக் கிழித்தார். “டாக்டரம்மா சொன்னதால வேலைக்கு வா. ஆனா மறைக்கிற ஆளு என் ஆபரேஷன்ல நிக்க வேண்டாம்.”

வெளியே வந்ததும் சிகாவே ந்திம்போவிடம், பிரசவ அறையில் மயக்கம் கொடுக்க ஆள் தேவைப்படுமா என்று மட்டும் கேட்டான்.