ஒளிராத சிறுநீரகம்

"மறுபடியும் ஊசி குத்தணும்னு அந்த டீச்சரம்மாகிட்ட எந்த முகத்தோட சொல்றது?" என்று கேட்டபடியே ஆய்வகத்துக்குள் நுழைந்தார் சிறுநீரக டாக்டர். "அவங்க சிறுநீரகத்துலேர்ந்து ஊசியால எடுத்த துணுக்கு மொத்தமும் சீவித் தீர்ந்துபோச்சு. ஒளிர் சாயம் போட்ட ஸ்லைடு எல்லாம் கும்மிருட்டு! எங்கே ஒளிருதுன்னு பார்த்தாத்தானே நோய் எதுன்னு தெரியும்?"

சாயம் போடும் உதவியாளர் துள்ளி எழுந்தார். அவரை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் அழைப்பார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. "கண்டுபிடிச்சுட்டேன்! சாயம் கெட்டுப்போச்சு! இல்லேன்னா பதப்படுத்தற ஃபார்மலின் பட்டுத் துணுக்கு கெட்டிருக்கு!"

இருட்டறையில் மைக்ராஸ்கோப்போடு குடித்தனம் நடத்தும் நோயியல் டாக்டர், 'ஆந்தை அக்கா', நிதானமாகத் தேநீரை உறிஞ்சினார்.

"பழைய நோயாளியோட ஸ்லைடு அதே சாயத்துல பளிச்சுன்னு ஒளிருதே, அப்புறம் எப்படிக் கெட்டிருக்கும்? சரி, துணுக்கு நல்லதான்னு பார்க்க ஒரு ஸ்லைடுக்கு நீலச் சாயம் போட்டீங்களே?"

"அது அழகாப் பிடிச்சுதே!"

"எப்படிப் போட்டீங்க?"

"ஜாடியில முக்கி."

"ஒளிர் சாயம்?"

"நம்பர் எழுதின பக்கத்துல சொட்டு விட்டு."

"முக்கினா ரெண்டு பக்கமும் படும். சொட்டு விட்டா?"

அவசரம் மண்டையைச் சொறிந்தார். அக்கா, துணுக்கை உறையவைத்து மெல்லிசாகச் சீவும் வேலைக்கு அந்த வாரம்தான் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அவள் அவசரத்தின் சொந்த மச்சினி.

"உறைஞ்ச சீவலை எப்படி எடுத்தே? வெறும் ஸ்லைடுல காட்டும்மா."

அவள் நம்பர் மேலே தெரியும்படி ஸ்லைடைப் பிடித்து, சீவும் மெஷின்மேல் மெல்ல இறக்கினாள். "நம்பர் மாறிடக் கூடாதுன்னு பார்த்துக்கிட்டே எடுத்தேன்."

"சீவல் கீழேயிருந்துதானே வந்து ஒட்டும்? நம்பர் இருக்கற பக்கத்தைக் கீழே காட்டணும். நீ அதை மேல வெச்சதால சீவல் பின்பக்கம் ஒட்டியிருக்கு. உங்க மாமா முன்பக்கம் சாயம் விட்டிருக்காரு!"

அக்கா ஒரு ஸ்லைடை விளக்கொளியில் சாய்த்துக் காட்டினார். பின்பக்கத்தில் மெல்லிய படலமாகச் சீவல் ஒட்டியிருந்தது. அவசரத்துக்கு முகம் சிவந்தது. "நானும் எந்தப் பக்கம்னு பார்க்கலியே!" என்று தலையில் தட்டிக்கொண்டு ஓடினார்.

பின்பக்கத்தில் சாயம் போட்டதும் ஒன்றிரண்டு சீவல்கள் உதிர்ந்தன. மீதியில் ரத்தத்தை வடிகட்டும் குட்டி உருண்டைகள் பச்சைப் பட்டாணிபோல ஒளிர்ந்தன. நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. சிறுநீரக டாக்டருக்கு ஒரே சந்தோஷம். உடனே ஃபோன் போட்டார்.

"ஊசி வேண்டாம் டீச்சர்! இன்னைக்கே மருந்தை ஆரம்பிச்சுடலாம்!"

"நெஜமாவா? யாரு டாக்டர் கண்டுபிடிச்சது? ஒரு வார்த்தை பேசணுமே!"

டாக்டர் ஃபோனை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கி, மூலையில் கண்கலங்கி நின்ற மச்சினியின் காதில் வைத்தார். "இவ்வளவு சின்னத் துணுக்கை மெல்லிசா, நிறையச் சீவினது நீ. அதனாலதான் சிலது உதிர்ந்தும் மீதி தேறுச்சு. பேசு."

"நீ நல்லா இருக்கணும்மா!" என்றது மறுமுனை.