வெடிக்குத் தழுதழுக்க வரவில்லை

வகுப்பில் அவனுக்கு ‘வெடி’ என்று பெயர். அவன் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்.

பள்ளி நாடகத்தில் கப்பல் கேப்டன் வேடம் அவனுக்குத்தான் கிடைத்தது. புயலில் வழி தவறி, பல வருடம் கழித்து வீடு திரும்பும் கேப்டன் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்: ‘(தழுதழுக்க) அப்பா, நான் வந்துட்டேன்!’

“அடைப்புக்குறிக்குள்ள இருக்கறதையும் சொல்லணுமா டீச்சர்?”

“சொல்லக் கூடாது. அந்த மாதிரி பேசணும்.”

வெடி பற்கள் கிடுகிடுக்கப் பேசினான்.

“அது குளிர்ல நடுங்குறது,” என்றார் டீச்சர்.

கண்ணை உருட்டித் திக்கித் திணறினான்.

“அது பேயைப் பார்த்தவன் பேசறது! தழுதழுக்கன்னா, மனசு நிறைஞ்சு தொண்டை அடைச்சுக்கும். குரல் நடுங்கும். துக்கத்துலயும் வரும், சந்தோஷத்துலயும் வரும்.”

வீட்டில் பேசிப் பார்த்தான். “என்னடா, தொண்டை வலியா?” என்று அம்மா வெந்நீர் கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் ஒரு சிறுமி பாடம் வாசித்தாள். புதிதாகச் சேர்ந்தவள். மெல்லிய குரல் என்பதால் அவளுக்குக் ‘குருவி’ என்று பெயர். வாசிக்க எழுந்தாலே அவள் குரல் நடுங்கும்.

“டீச்சர்! இவளுக்குத் தழுதழுக்க சூப்பரா வருது! இவளையே கேப்டனா போடுங்க!” என்று கத்தினான் வெடி.

வகுப்பே சிரித்தது. குருவி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெடிக்குச் சுருக்கென்றது. அவன் பாராட்டத்தான் நினைத்தான்.

இடைவேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முடிந்த அளவு மெதுவாகப் பேசினான். மரத்திலிருந்த காக்கை மட்டும் பறந்து போனது.

“கிண்டல் பண்ணல. நிஜமாத்தான் சொன்னேன். நீ கேப்டனா நடி, நான் அப்பாவா வர்றேன். அப்பாவுக்கு ‘வாம்மா’ன்னு ஒரே வார்த்தைதான்.”

“எல்லாரும் சிரிப்பாங்க.”

“நான் இருக்கேன்ல? ஒரு சத்தம் போட்டா அடங்கிடுவாங்க.”

குருவிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சரும் சம்மதித்தார். தினமும் மாடிப்படியில் ஒத்திகை. அவள் கீழே நிற்பாள். “கேட்கல, கேட்கல!” என்று அவன் ஒவ்வொரு படியாக மேலே ஏறுவான். அவள் குரலும் கூடவே ஏறியது.

நாடகத்தன்று, திரைக்குப் பின்னால் குருவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“டேய், வம்பாப் போச்சு! இப்போ பயமே இல்ல. குரல் நடுங்கவே மாட்டேங்குது!”

“வராட்டி போகட்டும். உனக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லு.”

திரை விலகியது. குருவி கேப்டன் தொப்பியோடு நிமிர்ந்து நின்று கதவைத் தட்டினாள்.

“அப்பா, நான் வந்துட்டேன்!”

கணீரென்ற குரல்! கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் விழித்துக்கொண்டார்.

ஒட்டுத்தாடி அப்பா பதில் சொல்ல வேண்டும். ஆனால் வெடிக்குப் பேச்சே வரவில்லை. புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்த குருவியா இவள்! அவன் நெஞ்சு நிறைந்தது. தொண்டை அடைத்தது. கண் கலங்கியது.

“வா... வாம்மா!” என்றான், தழுதழுக்க.

கூடமே எழுந்து கைதட்டியது.

திரை மூடியதும் டீச்சர் ஓடி வந்தார். “எப்படிடா வந்துச்சு உனக்கு?”

“தெரியல டீச்சர். தானா வந்துடுச்சு!”

“என்கிட்ட இருந்ததை நீ வாங்கிக்கிட்டியா?” என்று சிரித்தபடி, குருவி அவன் தாடியைப் பிடித்து இழுத்தாள்.

தாடி அவள் கையோடு வந்துவிட்டது.