கரிக்கோடு இல்லாத முட்டை

ஓய்வுபெற்ற ஏட்டு பாவாடையைத் தேடி வந்த சுந்தராம்பாள், செஞ்சிக் கோட்டை மலையடியில் தனியாகக் குடியிருப்பவள். அவளுடைய சேவலை வனத்துறையார் எடுத்துப் போய்விட்டார்கள். கழுத்தில் புள்ளி இருப்பதால் காட்டுக்கோழியாம், கேஸ் போடுவார்களாம். அவள் பேசினால் தலை சாய்த்துக் கேட்க அது ஒன்றுதான் இருந்தது.

இறகைச் சோதித்ததில் தகப்பன் காட்டுச் சேவல், தாய் வீட்டுக் கோழி என்று வந்தது. ஆனால் சுந்தராம்பாளின் ஒரே பெட்டை அந்தத் தாய் இல்லை. அதனால் சந்தேகம் அவள்மேலேயே நின்றது.

"எவனோ காட்டுச் சேவல கண்ணி வெச்சிப் புடிச்சி வளத்துருக்கான். குஞ்சை இந்தம்மாகிட்ட வித்துட்டான்" என்றான் ஆட்டோ ஓட்டும் யுவராஜ். துப்பு என்றால் சவாரியையே விட்டுவிடுவான்.

"நீ ஆட்டோவ ஓட்டு" என்றார் பாவாடை. அடைவைத்த கதையை அவளிடம் கேட்டார். பெட்டை அடைக்கு உட்கார்ந்ததும் முட்டைகளில் கரிக்கோடு போட்டாளாம். மறுநாள் கோடில்லாத முட்டை ஒன்று கிடந்ததாம். அந்தச் சேவல் மற்ற குஞ்சுகளுக்கு ஒருநாள் பிந்திப் பொரிந்ததாம்.

வனத்துறை அலுவலகத்துக்கு அவர் இன்னொருத்தியையும் வரவழைத்தார். பக்கத்து வீட்டு அமிர்தவல்லி. சுந்தராம்பாளின் தம்பி பெண்டாட்டி. தம்பி செத்த பிறகு வேலித் தகராறில் இருவருக்கும் பேச்சு அறுந்துபோனது. அங்கே வேறு வீடு கிடையாது.

"அடையில இருக்கற கோழி முட்டை இடாது சார்" என்றார் பாவாடை அதிகாரியிடம். "வேற கோழி பூந்து இட்டுட்டுப் போயிருக்குது. பக்கத்து வீட்டு இந்தம்மா கோழிங்க மலையிலதான் மேயுது, அங்க காட்டுச் சேவலோட சேந்துருக்கும். புள்ளிய பாத்து சாதி சொல்லாதீங்க. வீட்டுக்கோழியோட மஞ்சக் காலே காட்டுக்கோழிகிட்ட இருந்து வந்ததுன்னு ஆராய்ச்சி பண்றவனே சொல்றான். எவன் சொன்னாலும் நான் நம்பறவன் இல்ல. இத நம்பறேன்."

அமிர்தவல்லியின் கோழி இறகும் சோதனைக்குப் போனது. தாய் அதுதான். யாரும் பிடித்து வளர்த்ததில்லை என்று கேஸை விட்டார் அதிகாரி. ஆனால் தாய்க்கோழிக்குச் சொந்தக்காரிக்குத்தான் சேவல் என்றார். சுந்தராம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோழி என்னுது சார்" என்றாள் அமிர்தவல்லி, அதிகாரியைப் பார்த்தே. "சேவல் அவங்களுது. அவங்களே எடுத்துட்டுப் போவட்டும்."

யுவராஜ் ஆட்டோவைக் கொண்டுவந்தான். இருவரும் ஏறவில்லை. ஒரே பாதைதான். முன்னால் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேவலை அணைத்தபடி பின்னால் போனவள் கூப்பிடவும் இல்லை.