பத்து ஆணைகள் சேரும்வரை

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மருந்தெடுக்கும் இயந்திரங்களான எடுப்பான்கள் விர்விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரகடம் மருந்துக் கிடங்கின் மேலாளர் தமயந்தி, தன் கணவனின் ஊசிமருந்து இருந்த அடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். தீப்பிடிக்காமலிருக்க உள்ளே பிராணவாயுவைக் குறைத்து வைத்திருந்ததால் மனிதர்கள் நுழைய முடியாது. மருந்துக்கடைகள் என்றோ மூடப்பட்டுவிட்டன; மருத்துவமனைகளுக்கும் இங்கிருந்துதான் போக வேண்டும்.

முன்பெல்லாம் மருந்து கேட்டு வரும் ஓர் ஆணைக்கு ஓர் எடுப்பான் ஓடியது. இந்தப் பருவத்துக்குக் கூட்டெடுப்பைத் தேர்ந்தெடுத்தவள் தமயந்திதான். ஒரே மருந்துக்குப் பத்து ஆணைகள் சேர்ந்தால் எடுப்பான் ஒரே நடையில் அள்ளி வந்துவிடும். மின்செலவு பாதியாகக் குறைந்தது. அபூர்வ மருந்துக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருவர் கேட்டபோது, நாலு நாள் காத்திருந்தால் குடியா முழுகிவிடும் என்று சிரித்தாள். ஆளாளுக்குக் கைவைக்காதபடி, பருவம் முடியும்வரை முறையைப் பூட்டச் சொன்னவளும் அவளே.

சீக்கிரம் கெட்டுப்போகும் மருந்து என்பதால் வழக்கம்போல ஊசி போடும் நாளுக்கு முந்தின நாளான இன்றுதான் ஆணை போட்டிருந்தாள். நாளைக்குள் ஊசி ஏறாவிட்டால் கணவன் ரத்தினவேலுக்கு மூச்சே தளர்ந்துவிடும்.

கிடங்கை நடத்தும் கணினியான பகுப்பியிடம் கெஞ்சிப் பார்த்தாள். இன்னும் ஒன்பது ஆணைகள் வேண்டும் என்றது அது.

குடும்பக் குழுவில் விஷயத்தைப் போட்டாள். ஒரே முகவரி என்றால் பகுப்பி ஒரே ஆணையாக எண்ணும், அவரவர் வீட்டுக்கே கேளுங்கள் என்றாள். கல்யாணத்துக்கு வேன் பிடிக்கும் வேகத்தில் சொந்தபந்தம் மொத்தமும் இறங்கியது. அரை மணியில் பத்தும் சேர்ந்துவிட்டன. எடுப்பான் அடுக்கை நோக்கித் திரும்பியதும் தமயந்திக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுக்கில் மூன்றே பெட்டிகள் இருந்தன.

"ஆணையை முதல்ல போட்டது நான்" என்றாள்.

"கூட்டெடுப்பில் நெடுந்தூரப் பொதிகளே முதலில் ஏறும்" என்றது பகுப்பி. நாகர்கோவில், தென்காசி, தூத்துக்குடி என்று மூன்று பெட்டிகளிலும் முகவரி ஒட்டப்பட்டது; ஒட்டியபின் மாற்றவோ ரத்துசெய்யவோ வழியில்லை. தமயந்தியின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகும்.

பெட்டிகள் அவள் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நகர்ந்து போயின. அவள் கண்ணாடியைத் தட்டினாள். எடுப்பான்களுக்குக் காது கிடையாது.

கைப்பேசி அடித்தது. தென்காசிச் சித்தப்பா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"எனக்கு நாளைக்குச் சாயங்காலம் வந்துரும்னு காட்டுதும்மா. உனக்குப் பக்கந்தானே, இந்நேரம் வந்திருக்குமே?"