சவுனாவில் சொன்ன சொல்

சுவருக்குள் ஏதோ துடித்தது.

தூலாவுக்கு நெஞ்சு படபடப்பது புதிதில்லை; இலையுதிர் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் சவுனா எனும் நீராவிக் குளியலறையின் மேல் பலகையில் சாய்ந்து மார்பில் கை வைத்துக் கேட்டபோது, அவளுடைய ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கணம் பிந்தி, முதுகுக்குப் பின்னால் பைன் பலகைக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது. டொப். டொப். பக்கத்து அறையில் துணி துவைக்கும் மெஷின் ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வரும்போது அந்த அறை பூட்டி இருட்டாகக் கிடந்ததைப் பார்த்தவளும் அவளேதான்.

குளிர்காலம்; மாலைகூட ஆகவில்லை, அதற்குள் தம்பேரே ஊர் முழுக்க இருட்டிவிட்டது. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த சவுனாவின் சின்ன ஜன்னலைப் பனி மூடியிருந்தது. மேலே தெருவில் பனி அள்ளும் வண்டி கரகரத்துக்கொண்டு போவதும், அடுப்புக் கற்கள் சூட்டில் விண்ணென்று தெறிப்பதும், உடம்பில் தட்டிக்கொள்ள ஊறவைத்த பிர்ச் இலைக்கட்டின் பச்சை வாசனையும், அந்த வாசனைக்கு அடியில் வேறு ஏதோ புளித்த நெடியும் சேர்ந்து வந்தன. இந்த மேல் பலகையில் இப்போது வேறு யாரும் உட்காருவதில்லை. மூன்றாவது மாடி ஹெல்வியை வசந்தத்தில் இங்கேதான் உயிரில்லாமல் கண்டெடுத்தார்கள். வயசாச்சு, பாவம் என்றார்கள். தூலாவைவிட இரண்டே வயது மூத்தவள்.

தூலா தினம் விழுங்கும் மாத்திரையின் பெயரைக் கேட்டுவிட்டு மருந்துக் கடைக்காரப் பெண் இன்று போனில் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை.

"மூலிகைங்கறது பேருக்குத்தாங்க. உள்ள கலந்திருக்கறது பசியைக் கொல்ற மருந்து. இதயத்தைக் கெடுக்குதுன்னு தடை பண்ணினது. இனிமே ஒண்ணுகூட வாயில போடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தங்கை ஸிர்பாவுக்குப் போன் செய்து, இங்கே வரச் சொன்னாள்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சவுனாவில் சர்ச்சில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் இருவரும். இங்கே சண்டை கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பொய் கூடவே கூடாது. எடை குறைந்தால்தான் முழங்கால் ஆபரேஷன் என்று டாக்டர் கையை விரித்த வாரம், இங்கே கீழ்ப் பலகையில் உட்கார்ந்துதான் ஸிர்பா அந்த பாட்டிலை நீட்டினாள். "சுத்தமான மூலிகைக்கா. நானே தினம் போட்டுக்கறேன். சவுனால உட்கார்ந்து பொய் சொல்வேனா?" அந்தச் சொல்லை நம்பித்தான் தூலா விழுங்கினாள். எடை மளமளவென்று இறங்கியது, இல்லை என்று சொல்ல முடியாது. பசி செத்தது. தூக்கமும் செத்தது. என் தங்கச்சி இருக்கும்போது எனக்கென்ன குறை என்று வேலை செய்யும் பள்ளிச் சமையலறை முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டாளே, அதை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

கதவு திறந்தது. ஸிர்பா துண்டோடு வந்து கீழ்ப் பலகையில் உட்கார்ந்தாள். கொழுகொழுவென்று அதே உடம்பு. அவள் ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லை என்பதை அந்த இடுப்பே சொன்னது. இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

"அதுக்குள்ள என்ன கலந்திருக்குன்னு உனக்குத் தெரியுமாடி?"

"உனக்கு யாரு என்ன சொன்னா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இங்க உட்கார்ந்து சொல்லு."

ஸிர்பா அகப்பையில் தண்ணீர் மொண்டு கற்கள்மேல் ஊற்றினாள். ஆவி சீறிக்கொண்டு எழுந்து முகத்தை மறைத்தது.

"எல்லாருக்குமா ஆகுது? ஹெல்விக்கு ஏற்கெனவே இதயம் வீக்குக்கா."

தூலா ஹெல்வியின் பேரையே எடுக்கவில்லை.

டொப். டொப். சுவருக்குள் அது வேகம் பிடித்தது.

"அவளுக்கும் நீதான் குடுத்தியா? அவ செத்தது தெரிஞ்சும் எனக்குக் குடுத்தியா? கூடப் பொறந்தவளாடி நீ?"

"கத்தாதக்கா. சவுனா இது."

தூலா எழப் பார்த்தாள். கால் வரவில்லை. இடது கை மரத்து, தாடைவரை ஒரு வலி இழுத்தது. வாயில் இரும்பு ருசி.

"ஸிர்பா... ஆம்புலன்சைக் கூப்பிடு."

தங்கை எழுந்தாள். உடை மாற்றும் அறைக்குப் போனாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியே தூலா பார்த்தாள்: கொக்கியில் அவளுடைய அங்கி, பக்கத்தில் அவளுடைய போன். ஸிர்பா போனை எடுக்கவில்லை. அங்கிப் பையில் கை விட்டு அந்தப் பழுப்பு பாட்டிலை எடுத்தாள். தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"வந்துடறேன்க்கா," என்றாள், இந்தப் பக்கம் திரும்பாமலே.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மேலே, மேலே. தெருக் கதவு.

பிறகு யாரும் வரவில்லை.

"தங்கச்சி," என்றாள் தூலா. சத்தம் வெளியே வரவில்லை.

கற்கள் சீறின. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அகப்பை வாளியில்தான் கிடந்தது. ஆவி எழுந்து பலகையின் மறுகோடியில் தேங்கி நின்றது. காய்ந்திருந்த அந்த மரத்தில் மெல்ல மெல்ல ஈரம் ஊறியது. ஒருவர் உட்காரும் அகலம். பலகை கிறீச்சிட்டது.

பக்கத்தில் மூச்சு. சூடாக. புளித்த நெடியோடு.

டொப். டொப்.

தூலா திரும்பவில்லை. கண்ணாடியையே பார்த்தாள். கொக்கியில் அங்கி தொங்கியது. வெறும் பை.

மார்பில் கை வைத்தாள்.

ஒன்றுமில்லை. கையை அழுத்தினாள். இல்லை.

சுவருக்குள் இப்போது இரண்டு துடித்தன.