அறுபதுக்குக் கீழே

கதவு அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "அறுபத்திரண்டு. உள்ளே வரலாம்" என்றது. ஜெபசிங்குக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு வாரமாகக் காலை நடையை விட்டதும், கண் எரிய எரிய விழித்துக் கிடந்ததும், வறுத்த கருவாட்டைத் தட்டு தட்டாகத் தின்றதும் வீண்போகவில்லை. போன வாரம் இதே கதவு அறுபது என்று சொல்லியிருந்தது.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் இருந்த அந்த முதியோர் கூடத்தின் கதவில் மட்டுமல்ல, ஊரில் பஸ், ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் வாசல்மானி பொருத்தியிருந்தார்கள். மூச்சில் கலந்து வரும் வாயுக்கள், பாதம் தரையில் ஊன்றும் விதம், கண்மணி சுருங்கும் வேகம் ஆகியவற்றைக் கூட்டிக் கழித்து, ஓர் உடலுக்கு உண்மையில் என்ன வயது என்று அது சொல்லிவிடும். பிறந்த தேதியை வைத்து வயது சொல்வது போய் வெகுநாள் ஆகியிருந்தது. ஜெபசிங் பிறந்து எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிறது என்பது அவருக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதும், ஓய்வூதியம் வருவதும், மறுபடி வேலைக்குக் கூப்பிடுவதும் மானி சொல்லும் எண்ணைப் பொறுத்தது.

கூடத்துக்கும் அதே விதிதான். அறுபதும் அதற்கு மேலும் உள்ள உடல்களுக்கு மட்டும் அனுமதி. காலையில் நாற்காலிப் பயிற்சி, பிறகு சமன்மேடை, மத்தியானம் கேரம், பாட்டு, கூட்டமாக உட்கார்ந்து டீ. எல்லாம் இலவசம். ஒருவருடைய எண் அறுபதுக்குக் கீழே இறங்கி ஒரு மாதம் அங்கேயே நின்றுவிட்டால் அவர் முதியவர் இல்லை. மாலை போட்டுப் படம் எடுத்து விடைவிழா நடத்துவார்கள். மறுநாளிலிருந்து கதவு திறக்காது. கூடத்து ஊழியர்களுக்கு மட்டும் எந்த எண்ணைச் சொன்னாலும் திறக்கும்.

ஜெபசிங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்து, முட்டி இரண்டும் இறுகிப்போய், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வற்புறுத்திக் கொண்டுவந்து விட்டபோது கதவு அவரிடம் எழுபத்தெட்டு என்று சொன்னது. அன்றைக்குச் சமன்மேடையில் அவருக்கு ஜோடியாக நிறுத்தப்பட்டவர் ஷீபா.

சமன்மேடை என்பது வட்டமான ஒரு பலகை. தண்ணீரில் மிதக்கும் தோணிபோல மெதுவாகச் சாயும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, ஒருவர்மீது ஒருவர் பாரத்தைச் சாய்க்க வேண்டும். ஒருவர் பயந்து பின்வாங்கினால் இரண்டு பேருமே தள்ளாடுவார்கள். ஷீபா பேக்கரி வைத்திருந்தவர். மக்ரூன் இனிப்புக்கு முட்டை வெள்ளைக்கருவை அடித்தே பழகிய உறுதியான கை. கடையை இப்போது மகன் நிதின் பார்த்துக்கொண்டான். ஜெபசிங் கூச்சத்தில் கையை நீட்டாமல் நிற்க, கிரேன் ஓட்டிய கையாமே, என்னைத் தூக்கிக் கப்பலில் வைத்துவிடாதீர்கள் என்றார் ஷீபா. மனைவி போன பிறகு அன்றைக்குத்தான் ஜெபசிங் சிரித்தார்.

அதற்குப் பிறகு இருவரும் வேறு யாரோடும் ஜோடி சேரவில்லை. அவர் 'மேடம்' என்பார், ஷீபா 'சார்' என்பார். டீ குடிக்கும்போது ஒரே பெஞ்சு. இரண்டு பேர் எண்ணும் சரசரவென்று இறங்கின. கூடத்தின் பொறுப்பாளரான யாழிசை, இயன்முறை மருத்துவம் படித்த முப்பது வயதுப் பெண், அவர்களைக் காட்டித்தான் மற்றவர்களை உற்சாகப்படுத்துவாள்.

எண் இறங்க இறங்க ஜெபசிங்குக்குப் பயம் வந்தது. கூடத்துக்குள் ஒரு கைம்பெண்ணும் மனைவியை இழந்த ஒருவரும் கை கோத்து நின்றால் அதற்குப் பயிற்சி என்று பேர். கூடத்துக்கு வெளியே, பேக்கரித் தெருவில், அதற்கு வேறு பேர். ஷீபா மகன் மருமகளோடு இருப்பவர். இவர் அந்த வீட்டு வாசலில் போய் என்னவென்று சொல்லி நிற்பது?

பயத்துக்கு வழி காட்டியவர் ரூபன். பழைய கால்பந்து நடுவர்; கூடத்திலேயே திடமானவர். அவருக்கு விடைவிழா நடத்தி, உப்பளத்தில் பறக்கும் காவல்கருவிகளைக் கண்காணிக்கும் வேலை கொடுத்தார்கள். தனி அறை, சுற்றிலும் திரைகள். அரை வருடம் கழித்து ஒரு காலையில் ரூபன் கூடத்து வாசலில் நின்றார். கதவு அறுபத்தாறு என்றது. விடைவிழாவில் தட்டியதைவிடப் பலமாக எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாற்காலிப் பயிற்சியில் கைகள் பாதி உயரத்துக்கு மேல் எழவில்லை. தன் பயிற்சியில்தான் குறை என்று நினைத்து யாழிசை பாட்டை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள். எண்கள் அறுபதின் விளிம்பில் வந்து நின்றுகொண்டு இறங்க மறுத்தன.

அறுபத்திரண்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்த ஜெபசிங் வழக்கம்போல மேடையில் ஏறினார். ஷீபா கொஞ்சம் தாமதமாக வந்து எதிரே நின்றார். முகம் வெளுத்திருந்தது. இரண்டு முறை பலகை சாய்ந்து நிமிர்ந்தது. மூன்றாவது சாய்வில் ஷீபாவின் இடது கை அவர் கையிலிருந்து நழுவிப் போனது. விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அந்த உடம்பின் முழுப் பாரமும் அவர்மேல் வந்தது. விழவிடாமல் தாங்கியபடி அவர் மண்டி போட்டு உட்கார, யாழிசை ஓடி வந்தாள்.

மூளையில் ஒரு சிறு குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை, கையும் பேச்சும் மெல்லத் திரும்பும் என்றார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நிதின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அம்மா பல மாதமாக ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கவே இல்லை, எல்லாம் கறிவேப்பிலைத் தொட்டி மண்ணுக்குள் கிடக்கிறது, கடையிலிருந்து மக்ரூன் வேறு எடுத்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள் என்றான். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவரையே கேட்டான். தெரியவில்லை தம்பி என்று சொல்லிவிட்டு ஜெபசிங் குனிந்துகொண்டார்.

மறுநாள் அவரை உள்ளே விட்டார்கள். ஷீபாவுக்கு வாய் கொஞ்சம் கோணியிருந்தது. ஆனாலும் முதல் கேள்வி அவருடையதுதான்.

"ஆஸ்பத்திரிக் கதவு என்னைய என்ன நம்பர் சொல்லிச்சு?"

"எழுபத்தாறு."

ஷீபா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "அப்ப ரொம்ப நாளைக்குக் கூடத்துலருந்து வெளிய அனுப்ப மாட்டாங்க."

"யாருக்காக மேடம் இதெல்லாம்?"

"நீங்க கருவாடு தின்னது யாருக்காக?" என்று கேட்டார் ஷீபா. "தினமும் எதிர்ல நிக்கேன். வாசம் தெரியாதா எனக்கு?"

ஜெபசிங் மருந்துக் குழாய் செருகியிருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோணியில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் அடிப்பலகையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று தோன்றியது.

"நான் உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க குணமாக மாட்டீங்க," என்றார் கடைசியில். "நான் முதல்ல வெளிய போறேன். நீங்க நல்லா ஆகி வந்து சேருங்க."

"வந்து? என் வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்களா?"

ஜெபசிங் நாற்காலியிலிருந்து எழுந்தார். "முதல்ல வாங்க. அதுக்குள்ள யோசிக்கேன்," என்றார்.

சொன்னபடியே செய்தார். கருவாட்டை விட்டார். விடிவதற்கு முன்பே எழுந்து நடந்தார். சமன்மேடையில் யாழிசையே அவருக்கு எதிரே நின்றாள். எண் அறுபதைத் தாண்டிக் கீழே இறங்கியது, அங்கேயே நின்றது. விடைவிழா அன்றைக்கு ஷீபா சக்கர நாற்காலியில் வந்து, நல்ல கையால் தொடையைத் தட்டித் தட்டிக் கைதட்டினார்.

துறைமுகத்தில் அவருக்கு ஆளில்லாக் கிரேன்களை மேற்பார்வை பார்க்கும் வேலை கிடைத்தது. ரூபனுக்குக் கிடைத்ததைப் போலவே ஓர் அறை, திரைகள். சாயங்காலங்களில் பேக்கரித் தெருவரை நடப்பார். சில நாள் கடைக்குள் போய் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்குவார். அம்மா எப்படி இருக்கிறார் என்று நிதினிடம் கேட்பதற்கு மேல் வாய் வராது. மாடி ஜன்னலைப் பார்க்காமலே திரும்பி வருவார். இப்போது ராத்திரி விழித்திருக்க அவர் பாடுபட வேண்டியதில்லை. தூக்கம் தானாகவே போய்விட்டிருந்தது.

உள்ளே ஷீபா உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். மாத்திரையை நிதின் கண்முன்னே விழுங்கினார். விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்படி ஒரு வைராக்கியத்தைத் தான் பார்த்ததில்லை என்று யாழிசை பிறகு சொன்னாள். மழைக்காலம் முடிந்தபோது ஷீபாவுக்கும் விடைவிழா வந்தது.

ஜெபசிங் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு வாசலுக்கு வெளியே காத்து நின்றார். ஆவலில் ஒரு எட்டு முன்னே வைத்துவிட்டார் போலிருக்கிறது. கதவு அவரை உற்றுப் பார்த்தது.

"அறுபத்து நான்கு. உள்ளே வரலாம்."

கதவு திறந்தது. அந்தப் பக்கத்தில், கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஷீபா வெளியே வந்துகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு. பின்னால் வழியனுப்ப வந்த யாழிசைக்கு நடந்தது சட்டென்று புரிந்துவிட்டது. அங்கிள், என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். இனி அவரை அந்தக் கூடம் சேர்த்துக்கொள்ளும், ஷீபாவைச் சேர்க்காது. உள்ளேயிருந்து ரூபனும் மற்றவர்களும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஜெபசிங் பின்னால் நகர்ந்தார். ஷீபா படி இறங்கியதும் கதவு மூடிக்கொண்டது.

"யோசிச்சாச்சா?" என்றார் ஷீபா.

"யோசிச்சு யோசிச்சுத்தான் அறுபத்து நாலு ஆச்சு."

ஷீபா சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாலையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் பேக்கரித் தெருக்காரர்களும் இருந்தார்கள். ஜெபசிங் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"ஷீபா, கையக் கொடுங்க," என்றார். அந்தப் பேரை அவர் வெறுமனே சொன்னது அதுதான் முதல் தடவை.

சாலையைக் கடந்து இறங்கியபோது கடற்கரை மணல் காலடியில் நழுவிச் சரிந்தது. அதில் எதிரெதிரே நின்று கையோடு கை சேர்த்தார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். சிலர் பார்க்காததுபோலப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள் செய்தி பேக்கரிக்குப் போய்விட்டது. நிதின் அன்று அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவனே அம்மாவை வண்டியில் கொண்டுவந்து மணல் ஓரத்தில் இறக்கிவிட்டு, இருட்டுறதுக்கு முந்தி வாரேன் என்று ஜெபசிங்கிடம் சொல்லிவிட்டுப் போனான்.

முதலில் ரூபன் வந்து சேர்ந்துகொண்டார். பிறகு பாட்டுக் குழுவிலிருந்து நான்கைந்து பேர். மணலுக்கு மானி கிடையாது. அறுபது ஆனவர்களும் ஆகாதவர்களும் வந்தார்கள். குணமாகிவிட்டால் எங்கே போவது என்ற பயம் யாருக்கும் இல்லாமல் போனதும், கூடத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த எண்கள் பொலபொலவென்று விழுந்தன. வாரத்துக்கு ஒரு விடைவிழா, சில வாரம் இரண்டு. பிறகு விழா நடத்தக் கூட்டம் இல்லை.

முதியோர் நலத்துறையிலிருந்து யாழிசையைப் பாராட்டிப் பேசினார்கள். முதுமையே இல்லாத முதல் கூடம் உன்னுடையதுதான், எல்லா ஊருக்கும் இப்படி இன்னும் துல்லியமான வாசல்மானி வாங்கப்போகிறோம் என்றார் அதிகாரி. மானியால் இது நடக்கவில்லை சார், அவர்கள் வெளியே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால்தான் என்றாள் அவள். அப்படி ஓர் அளவு மானியில் இல்லையே என்றார் அவர், உண்மையாகவே குழம்பிப்போய். மறு உத்தரவு வரும்வரை கூடத்தைத் திறந்தே வைக்கச் சொன்னார்.

அவள் தினமும் வந்து திறந்து வைத்தாள். நாற்காலிகளைத் துடைத்து வட்டமாகப் போட்டாள். ஒருவருக்கும் தேவைப்படாத டீயைக் கொஞ்ச நாள் போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். உட்கார்ந்தே இருந்ததில் கழுத்து வலித்தது. பாதி மத்தியானங்களில் அவள் குரலை அவளே கேட்டு வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கதவு அவளை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தது.

"நாற்பத்தேழு. உள்ளே வரலாம்," என்றது.

யாழிசை உள்ளே போகவில்லை. சாலையைக் கடந்து மணலில் இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வருவதை ஷீபாதான் முதலில் பார்த்தார். வேலை நேரத்தில் ஏன் வந்தாய் என்றோ, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றோ கேட்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அந்த மாதம் முழுக்க அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. இல்லை ஆன்ட்டி என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. ஜெபசிங் நகர்ந்து இடம்விட்டார். அவள் மணலில் உட்கார்ந்தாள்.