ஒன்பதாவது செக்கனுக்குள்

நிரலில் பார்த்தால் 4:17:09. தரவுத்தளத்துக்குள் நேரே போய்ப் பார்த்தால் 4:17:09.482. ஒரே பதிவு, இரண்டு நேரம்.

கம்சாயினி மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. வெளியே பகலை விழுங்கிக்கொண்டு மாரிமழை. பனிச்சங்கேணிப் பாலத்தடியிலிருந்து வந்த வாவிச் சேற்று மணம் காயாத துணிபோல அறைக்குள் தொங்கியது.

"ஐயர் போனில நிக்கிறார் மகள்," என்று மாமி மங்கையற்கரசி குசினியிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்டைக்கு நாலு பதினேழோடதான் திதி மாறுதாம். பிழைச்சா மறுகா வருசாவருசம் என்ர பிள்ளைக்குப் பிழையான நாளிலதான் படைக்கணும். ஒரு நேரம் சொல்ல இவ்வளவு நேரமா கா?"

நாளை முப்பத்தோராம் நாள். விஜிதரனின் உடல் கிடைக்கவில்லை; வாவியில் தோணி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அவன் இடுப்பில் கட்டியிருந்த செம்மஞ்சள் கருவியின் உதவிப் பொத்தானை அழுத்தினால், நேரமும் இடமும் மீனவர் சங்கத்தின் தரவுத்தளத்தில் பதியும். அதற்கு நிரல் எழுதியவள் அவன் மனைவி கம்சாயினியேதான். நிரல் காட்டியது ஒரே ஓர் அழுத்தம். 'ஒரு செக்கனில முடிஞ்சிட்டு மாமி, அவர் கஷ்டப்படல்ல' என்று அதைச் சொல்லித்தான் எல்லோரையும் தேற்றியிருந்தாள், தன்னையும்.

பதிவுகளை எடுத்து நிரலிடம் கொண்டுவருகிற டிரைவர் மென்பொருள், செக்கனின் பின்னத்தை வெட்டிவிடுகிறது. வெட்டியபின் ஒரே நேரம் காட்டுகிற பதிவுகளை ஒன்றாக்கிவிடச் சொன்னவள் அவள். பட்டியல் துப்புரவாக இருக்கட்டும் என்று.

பின்னத்தின் மூன்று இலக்கத்தையும் வெட்டாமல் எடுத்தாள்.

பதினான்கு பதிவுகள். அத்தனையும் அந்த ஒரு செக்கனுக்குள்.

பின்னத்தை ஆறு இலக்கமாக்கினாள். இருநூற்றுப் பதினொன்று. ஒன்பது இலக்கமாக்கினாள். பட்டியல் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டேயிருந்தது. பத்தாவது செக்கன் வரவேயில்லை.

அவன் அதற்குள்தான் இருக்கிறான். முப்பது நாளாக. அழுத்திக்கொண்டு.

"வாறன், இந்தா வாறன்," என்றாள் திரையைப் பார்த்து. எங்கே போவது? இடத்தைப் பார்த்தாள். முதல் பதிவு நடுவாவி. பிறகு பாலத்தடி. மதகு. கோயில் முடக்கு. இந்த வீட்டு வேலி.

4:17:09.999999998.

மழைச் சத்தம் கேட்கவில்லை.

டிக்.

"மகள், ஐயருக்கு என்ன சொல்ல?"

பழையபடி வெட்டிவிடலாம். எல்லாம் ஒன்றாகிவிடும். ஓர் அழுத்தம். துப்புரவாக. விரல் விசைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை.

பாதத்தில் தண்ணீர். குளிர்.

டிக். டிக்.

"இன்னும் முடியல்ல மாமி," என்றாள். குனிந்தாள்.

மேசைக்கடியில், சேற்றுத் தண்ணீருக்குள், அழுத்தி அழுத்தித் தோல் தேய்ந்து எலும்பு தெரிந்த பெருவிரல் ஒன்று, செம்மஞ்சள் பொத்தானை மறுபடியும் தேடிக்கொண்டிருந்தது.